பணம் தருவது மகன், பேசுவது அப்பா: பிறர் பெயரில் புத்தகம் எழுதும் தொழில்

என் சித்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பதினாலு வருஷமா எழுதறேங்கிற, ஒரு புத்தகத்துலயும் உன் பேரைக் காணமே?" நான் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மூடி வைப்பாள். இதுவரை 31 புத்தகங்கள். அவற்றில் நான்கில் மட்டும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் 'எழுத்தாக்கம்' என்று போட்டு என் பெயர் இருக்கிறது. மற்ற 27-ம் வேறு ஆட்களின் பெயரில், அவர்கள் படம் போட்ட அட்டையோடு வந்தவை. இதற்கு கோஸ்ட் ரைட்டிங் என்று பெயர். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெரியவங்க வரலாறு எழுதித் தருவீங்களாமே?" என்றுதான் போனில் கேட்பார்கள்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்தேன், பிறகு ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன், அது நின்றுபோனதும் 2011-ல் இதில் இறங்கினேன். வருகிற வேலையில் முக்கால்வாசி இரண்டு வகை. ஒன்று, அறுபதாம் கல்யாணத்துக்கோ சதாபிஷேகத்துக்கோ வெளியிடும் வாழ்க்கை வரலாறு. இன்னொன்று, ஐம்பதாவது ஆண்டு கொண்டாடும் மில், பள்ளிக்கூடம், பாத்திரக்கடை போன்றவற்றின் கதை. மிச்சம் எல்லாம் சில்லறை: சங்கத் தலைவர்களின் மேடை உரை, டாக்டர்களின் கட்டுரை, தொழிலதிபர்களின் லிங்க்ட்இன் பதிவு.

நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேர் இதில் இறங்கி ஒரே வருஷத்தில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. குடும்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு வாழ்க்கை வரலாற்றுக்குள் எப்போதும் மூன்று பேர் உண்டு. பணம் தருபவர் மகன். பேசுபவர் அப்பா. அச்சாகி வந்த பிறகு படித்துவிட்டுச் சண்டைக்கு வருபவர் மூன்றாமவர். அது பங்காளியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், மூத்த மருமகளாகவும் இருக்கலாம். இந்த மூவரில் யார் 'சரி' என்றால் சரி என்பதை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் தீர்த்துக்கொள்ளவில்லை. என் முதல் புத்தகம் ஒரு மோட்டார் பம்ப் பட்டறைக்காரருடையது. தம்பியோடு பாகம் பிரித்த கதையைச் சொல்லும்போது அழுதுவிட்டார். நானும் உருகி உருகி எழுதினேன். மகன் படித்தார், தலையாட்டினார், 500 பிரதி அச்சடித்தார்கள். விழா அன்று காலை, இலை போடுவதற்கு முன்பே, தம்பி வீட்டுப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டான். மேடையில் ரிப்பன் கட்டிய ஒரே ஒரு பிரதியைப் பிரித்துக் காட்டிவிட்டு, மற்ற பெட்டிகளை அப்படியே வேனில் ஏற்றி குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வர வேண்டிய கடைசி 5,000 ரூபாய் வரவேயில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

வேலை எங்கிருந்து வரும்

விளம்பரத்திலிருந்து வராது. ஃபேஸ்புக்கில் மூன்று மாதம் காசு கட்டிப் பார்த்தேன். தன் கவிதையை இலவசமாகத் திருத்தித் தருவீர்களா என்று கேட்டவர்கள்தான் வந்தார்கள். எனக்கு வேலை கொண்டுவந்தவர்கள் ஆடிட்டர்களும் அச்சக முதலாளிகளும். எந்தக் கம்பெனிக்கு எப்போது ஐம்பது வயது, எந்த முதலாளிக்கு எப்போது எண்பது, யாரிடம் செலவு செய்யப் பணம் இருக்கிறது என்பது மூன்றும் ஒருசேரத் தெரிந்தவர் ஆடிட்டர். அச்சகத்துக்காரரின் கஷ்டம் வேறு. யாராவது 300 பக்க நோட்டில் கையால் எழுதிக் கொண்டுவந்து "இதை அப்படியே அடிச்சுக் குடுங்க" என்பார்கள். படிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த நேரத்தில் உங்கள் எண் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டும். ரோட்டரி, லயன்ஸ் கூட்டங்களில் ஒருமுறை பேசக் கூப்பிட்டால் போங்கள். மண்டபத்தில் வீடியோ எடுப்பவர்களையும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதைக் காட்ட முடியாத தொழிலில் மாதிரி என்று எதைக் காட்டுவது? நான் என் பெரியப்பாவை உட்கார வைத்து, அவர் வால்பாறை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்த முதல் நாளை மட்டும் 12 பக்கத்தில் எழுதி, சின்னப் புத்தகமாக 20 பிரதி எடுத்தேன். அதில் மொத்தமும் ஒரே நாள்தான். இன்றும் புதிதாக வருபவர்களிடம் அதைத்தான் கொடுக்கிறேன். படித்துவிட்டுப் பாதிப்பேர் தங்கள் அப்பாவின் முதல் நாளைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு, பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் "யாராவது கேட்டால் உங்களிடம் பேசச் சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

எவ்வளவு கேட்பது

பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லாதீர்கள். மணிக்கணக்கைப் பாருங்கள். என் கணக்கு இப்படி. டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில் 160 பக்கம் என்றால் சுமார் 35,000 சொல். அதற்கு 15 மணி நேரப் பேச்சு வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தில் இறக்க எனக்கு 5 மணி நேரம் ஆகும், ஆக 75. எழுத 100. பத்திரம், பழைய கடிதம், படம் பார்ப்பது, வரைவைத் திருத்துவது எல்லாம் சேர்ந்து இன்னொரு 60. மொத்தம் 250 மணி நேரம். முதல் புத்தகத்துக்கு நான் பேசியது 15,000 ரூபாய், அதாவது மணிக்கு 60. பஸ் கட்டணம் இதில் சேரவில்லை. இப்போது அதே அளவுக்கு ஒன்றரை லட்சம் வாங்குகிறேன், மணிக்கு 600. சென்னையில் இதைவிட அதிகம் கேட்பவர்கள் உண்டு. புதிதாக வருபவர் 60,000-க்குக் கீழே இறங்கினால், மூன்றாவது மாதம் வேலையின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்பது என் அனுபவம்.

பணத்தை நான்காகப் பிரித்து வாங்குகிறேன்: கையெழுத்துப் போடும்போது 30 சதவீதம், பேச்சுப் பதிவு முடிந்ததும் 30, முழு வரைவு கொடுத்ததும் 30, அச்சுக்கான கோப்பைக் கொடுக்கும் முன் 10. அந்தக் கடைசி 10 சதவீதத்தை விழாவுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருநாளும் விடாதீர்கள். விழா முடிந்த வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் கடைசி ஆள்.

கம்பெனிக் கணக்கிலிருந்து பணம் வந்தால் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, பிடித்த தொகை உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம், தாண்டினால் வாழ்த்துகள். உத்யம் என்பது சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு; அது இலவசம், ஆதார், பான் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம். அதனால் என்ன பயன் என்றால், குறு, சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

இரண்டு பக்க ஒப்பந்தம்

என் ஒப்பந்தம் தமிழில், இரண்டே பக்கம். முத்திரைத்தாள் மதிப்பை ஆவண எழுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதில் முதல் வரியே இதுதான்: "வரைவை இறுதி செய்பவர் ஒருவர். அவர் பெயர்: ......" இந்த இடத்தை நிரப்பச் சொல்லும்போது வீட்டில் ஐந்து நிமிடம் அமைதி நிலவும். அப்பா மகனைப் பார்ப்பார், மகன் அம்மாவைப் பார்ப்பார். அந்த ஐந்து நிமிடம் நடந்தே ஆக வேண்டும். இப்போது நடக்காவிட்டால் மண்டபத்தில் நடக்கும்.

அடுத்து அளவு: எத்தனை பக்கம், எத்தனை மணி நேரப் பேச்சு, எத்தனை முறை திருத்தம். நான் இரண்டு முறை என்று போடுகிறேன். மூன்றாவது முறைக்குத் தனிக் கட்டணம். வேலை நடுவில் நின்றால் அதுவரை வாங்கிய பணம் திரும்பாது என்ற வரியும் வேண்டும். எண்பது வயதுக்காரர்களோடு வேலை செய்கிறோம். எனக்கே இரண்டு முறை நின்றிருக்கிறது.

உரிமை விஷயத்தில் பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் தனியாக எழுதித் தருபவர்தான் எழுத்துக்கு முதல் உரிமையாளர். பணம் கொடுத்துவிட்டால் மட்டும் உரிமை மாறிவிடாது. எழுத்து மூலம், கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மகள் அமெரிக்காவில் இருந்துகொண்டு இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிடப் போகிறேன் என்பாள். ஆகவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், மொழிபெயர்ப்பு உட்பட' என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் சேர்ப்பேன்: முழுப் பணமும் வந்த நாளிலிருந்துதான் ஒப்படைப்பு செல்லும்.

'எழுத்தாக்கம்' என்று என் பெயரைப் போட்டால் கட்டணம் குறையுமா என்று கேட்பார்கள். குறைக்க மாட்டேன். போடாவிட்டால் கூட்டவும் மாட்டேன். இதில் சிலர் பேரம் நடத்துகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

கடைசியாக அவதூறு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவு. இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், அது அவர் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால் அவதூறு ஆகலாம். உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொல்வதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். குடும்பக் கதையில் பொதுநன்மையை எங்கே போய்த் தேடுவது? ஆகவே பாகம் பிரித்த கதை, கடன் வாங்கிக் கொடுக்காத கதை, யாரோ ஓடிப்போன கதை மூன்றுக்கும் வரைவில் மஞ்சள் பூசி, இறுதி செய்பவரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குகிறேன்.

பேச வைப்பது

முதல் நாள் ரெக்கார்டரை வெளியே எடுக்காதீர்கள். காபி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாளிலிருந்து இரண்டு போன்களில் பதிவு செய்யுங்கள், ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வெட்கப்படாதீர்கள். காலை பத்து மணி, பேப்பர் படித்து முடித்த நேரம்தான் பெரியவர்களுக்கு நல்ல நேரம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முக்கியமாக, பணம் தரும் மகனை அந்த அறையில் உட்கார விடாதீர்கள். மகன் இருந்தால் அப்பா என்னைப் பார்த்துப் பேச மாட்டார், மகனுக்கு அறிவுரை சொல்வார். "பதிவில் சத்தம் வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

"வாழ்க்கையில் மறக்க முடியாத நிகழ்வு எது?" போன்ற கேள்விகளுக்கு மேடைப் பதில்தான் வரும். "அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?" என்று கேளுங்கள். "அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பாடு?" "நூல் பேல் என்ன விலை?" "யாரு வண்டி ஓட்டினாங்க?" கதவிலிருந்து திண்ணைக்கு வருவார், திண்ணையில் யார் படுத்திருந்தார்கள் என்று வரும், பிறகு நாம் கேட்க வேண்டியதில்லை. "அப்புறம்?" என்ற ஒரே சொல் போதும். அவர் பேச்சை நிறுத்தினால் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். நல்ல விஷயங்கள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

பெரியவர்களின் தேதி தப்பாகத்தான் இருக்கும். பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக்காரர், 79 வயது. 1967-ல் தன் கல்யாணம் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, அது அண்ணா செத்த வருஷமுங்க. தாலி கட்டி நாலு நாள்தான் ஆச்சு, ரேடியோவுல சொன்னாங்க. ஒறம்பரை ஊருக்குப் போக பஸ் இல்லாம நம்ம ஊட்லயே கெடந்தாங்க." ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. அது தை மாதம், கல்யாணத்துக்குப் பொருந்துகிறது. அவர் மனதில் 1967 என்று பதிந்ததற்குக் காரணம் அண்ணா முதலமைச்சரான வருஷம் அது. இந்த இரண்டு வருஷம் நகர்ந்ததும் ஒரு அத்தியாயமே இடம் மாறியது: முதல் தறியை மாமனார் பணத்தில் வாங்கினார் என்று எழுதியிருந்தேன், ஆனால் தறி வாங்கிய ரசீது 1968. அப்படியானால் அது யார் பணம்? கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அக்காவின் நகையை அடகு வைத்த கதை அன்றுதான் வெளியே வந்தது. மாமனார் பணம் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம், அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்று.

அந்த அம்மாவை மறுநாளிலிருந்து கூடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். மகனை வெளியே அனுப்புங்கள், மனைவியை உள்ளே அழையுங்கள்.

நான் கையில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல், தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, நெருக்கடி நிலை 1975 ஜூன், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. "அது புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எண்ணைத்தான் மறக்கிறார்கள். பிறகு ஆதாரங்கள்: கல்யாணப் பத்திரிகை, படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, கிரயப் பத்திரம். நிலம் வாங்கிய தேதிக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். காதைத் தொடச் சொல்லி வாத்தியார் போட்ட தேதி அது. பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள்.

திருத்தும்போது அதிகப்பிரசங்கித்தனமும் கூடாது. 1970-ல் எட்டணா கொடுத்து டீ குடித்தேன் என்றால், அணா ஒழிந்து 13 வருஷம் ஆயிற்றே என்று 50 பைசாவாக மாற்றாதீர்கள். ஐம்பது பைசாவை எல்லாரும் எட்டணா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விலை சரியா என்று வேண்டுமானால் பாருங்கள். எட்டணாவுக்கு டிபனே கிடைத்திருக்கும்.

அவர் குரல்

அதே தறிக்காரர் சொன்னது பதிவில் இப்படி இருக்கிறது (தார் என்றால் தறிக்கு நூல் சுற்றி வைக்கும் குழல்):

"அப்பெல்லாம் ஏதுங்க அம்மிணி கரண்டு. ராத்திரி பன்னெண்டுக்கு வரும், மூணுக்குப் போயிரும். அந்த மூணு மணி நேரந்தான் தறி ஓடும். எங்கம்மா தார் சுத்திக்கிட்டே தூங்கிப்போயிரும். கையி மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்."

முதல் வரைவில் நான் எழுதியது: "அக்காலத்தில் மின் பற்றாக்குறை கடுமையாக நிலவியது. எனினும் என் தாயார் இரவு பகல் பாராது அயராது உழைத்தார்." வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாதான் சொன்னார்: "பள்ளிக்கூடத்து வாத்தியார் இரங்கல் கூட்டத்துல பேசற மாதிரி இருக்குதுங்க."

அச்சில் வந்தது இது: "அப்போது கரண்ட் இரவு பன்னிரண்டுக்கு வரும், மூன்றுக்குப் போய்விடும். அந்த மூன்று மணி நேரம்தான் தறி ஓடும். அம்மா தார் சுற்றிக்கொண்டே தூங்கிவிடுவாள். கை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்."

முதல் வரியைச் சுருக்கினேன், பேச்சுச் சொற்களை எழுத்து வடிவுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். பேச்சின் வரிசையைத் தொடவில்லை. 'அயராது', 'விடாமுயற்சி', 'கடின உழைப்பு' போன்ற சொற்கள் எங்கே வந்தாலும் அங்கே ஒரு காட்சி செத்துக் கிடக்கிறது என்று பொருள். சாட்ஜிபிடியில் போட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுமே என்று மகன்கள் கேட்கிறார்கள். வரும், அந்த இரங்கல் கூட்டப் பேச்சு அப்படியே வரும். பேச்சை எழுத்தில் இறக்க கூகுள் குரல் தட்டச்சைச் சில சமயம் பயன்படுத்துகிறேன். 'தார்' என்று சொன்னால் ரோடு போடுகிற தாரா நூல் சுற்றுகிற தாரா என்று அதற்குத் தெரியாது. வீட்டு ரகசியங்களைக் கண்ட கண்ட செயலியில் ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் நோட்டு வைப்பேன். இவருக்கு ஒறம்பரை, பொழுதோட, அப்புச்சி, ஊடை, பாவு என்று நாற்பது சொற்கள். இவற்றைத் திருத்துவதில்லை. இவர் எப்போதும் சொல்லாத சொற்களுக்கு எதிர்ப்பக்கம். 'பயணம்', 'சவால்' இரண்டும் எல்லாருடைய நோட்டிலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். மேடை உரை எழுதும்போதும் இதேதான். தலைவருக்கு 'ழ' வராது என்றால் 'வாழ்த்தி மகிழ்கிறேன்' என்று முடிக்காதீர்கள்.

ஒரு வேலையை நான் தொடுவதில்லை: முனைவர் பட்ட ஆய்வேடு. பல்கலைக்கழகங்களைச் சுற்றி இது பெரிய சந்தை, என்னிடமே மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். நல்ல காசு. ஆனால் எண்பது வயதுக்காரர் சொல்லச் சொல்ல எழுதினால் அது அவர் கதை. பட்டம் வேறு விஷயம். நானே எழுதினேன் என்று உறுதிமொழி கொடுத்து வாங்குவது அது. அந்தப் பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன்

சதாபிஷேகத் தேதியை ஜாதகம் பார்த்துக் குறிப்பார்கள், மண்டபமும் பிடித்திருப்பார்கள். ஆகவே நாள் தள்ளிப்போகாது. பின்னாலிருந்து எண்ணுங்கள்: அச்சுக்கும் பைண்டிங்குக்கும் மூன்று வாரம், வடிவமைப்புக்கும் மெய்ப்புக்கும் மூன்று, திருத்தத்துக்கு நான்கு, எழுத எட்டு, பேச ஆறு. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. சிவகாசியில் அடிப்பதாக இருந்தால் ஆடிப்பெருக்குக்குப் பிறகு காலண்டர் வேலை ஆரம்பித்துவிடும். டிசம்பரில் எந்த அச்சகத்துக்கும் போகாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் பதிப்பாளர்கள் எல்லாரும் வாசலிலேயே நிற்பார்கள்.

ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கங்களின் கட்டை அச்சகத்தில் பாரம் என்பார்கள். ஒரு பாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து பாரம். 167 வந்தால் ஒன்பது பக்கம் வெள்ளையாகப் போகும், ஏழு பக்கத்தைக் குறையுங்கள் அல்லது படம் சேருங்கள். யூனிகோடில் கொடுத்ததை அச்சகத்து ஆப்பரேட்டர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால், மாற்றிய பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை மெய்ப்புப் பாருங்கள். 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும்தான் முதலில் உடையும். அவர் பெயரிலேயே ஸ்ரீ இருந்தால் அட்டையை மூன்று பேரிடம் காட்டுங்கள்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண் வேண்டுமா என்று கேட்பார்கள். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய நிறுவனம் இலவசமாகத் தருகிறது, விண்ணப்பம் இணையத்தில், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்றும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் வெளியிடுபவர் அனுப்ப வேண்டும். தறிக்காரர் வீட்டில் இதைச் சொன்னபோது, கன்னிமாராவில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாமா என்று இரண்டு முறை கேட்டார். அன்று சாயங்காலம் மகன் போன் செய்து, அக்கா நகைக் கதையில் ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. நம் விழாக்களில் புத்தகம் கடைக்குப் போவதில்லை, தாம்பூலப் பையில் தேங்காயோடு போகிறது. அதுதான் உங்கள் அடுத்த வேலைக்கு விளம்பரமும். ஒரு விழாவில் பை சின்னதாகிவிட்டது; 600 புத்தகங்களை மடக்கித் திணித்ததில் பெரியவரின் முகத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டது. தேங்காயும் டெம்மி புத்தகமும் சேர்ந்து உட்காரும் பைதானா என்று, பை ஆர்டர் கொடுக்கும் மருமகளிடம் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.